சான்றிதழில் யாருடைய கையெழுத்து?

(ஆரம்பாக்கத்தில், பழவேற்காடு ஏரியோர ஊர்களைச் சேர்ந்த இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

அது என் தம்பியின் சான்றிதழ். பன்னிரண்டாவது முடித்ததும் மூன்று மாத இலவசப் பயிற்சி ஒன்றில் உதவி எலக்ட்ரீஷியன் வேலை கற்கச் சேர்ந்தான். பாதி நாள் வகுப்பே நடக்கவில்லை. கடைசியில் ஒருவர் வந்து கம்ப்யூட்டரில் தேர்வு வைத்தார். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. "எதையாவது அமுக்குங்க தம்பி, எல்லாரும் பாஸ்தான்" என்றார். சொன்னபடியே எல்லோரும் பாஸ். அம்மா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தம்பி அதன் நகலோடு ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றான். "ஐ.டி.ஐ. இருக்கா?" என்றார்கள். இல்லை என்றதும் காண்ட்ராக்டில் ஹெல்பராக எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் அவனை 'நிலை 3' திறனாளர் என்கிறது. கூலிச் சீட்டு 'திறனற்றவர்' என்கிறது.

இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. நம் இளைஞர்களைச் சுற்றிலும் தொழிற்சாலைகள்தான். பயிற்சிக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் தரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? 'நிலை' என்கிற கணக்கு 2013இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் துறைவாரியான திறன் குழுமங்கள் எழுதுகின்றன. அங்கே தொழில் நிறுவனங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. தரத்தை எழுதுவதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தத் தரத்துக்கேற்ற கூலியைக் கொடுக்கும் கடமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

திறன் பயிற்சி பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. "இதில் சாதி எங்கே வருகிறது?" என்று பல்கலைக்கழக நண்பர்கள் கேட்பார்கள். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். முடி திருத்துவது, துணி வெளுப்பது, செருப்பு தைப்பது, பானை வனைவது, படகு கட்டுவது, மீன்வலை பின்னுவது என்று 18 தொழில்கள். ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், கடன், கூடவே சான்றிதழும் அடையாள அட்டையும். வயது 18 ஆகியிருந்தால் போதும். ஆனால் குடும்ப வழித் தொழிலாக இருக்க வேண்டும். குரு சிஷ்ய பரம்பரையை வலுப்படுத்துவது நோக்கம் என்று அரசே அறிவித்தது.

கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய 18 வயதுப் பிள்ளையிடம், உன் அப்பா செய்த தொழிலையே செய், சான்றிதழும் கடனும் தருகிறோம் என்றால் அதன் பொருள் என்ன? தமிழ்நாட்டுக்கு இது பழைய கதை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சாதி மனிதர்களைப் பிறப்பிலேயே தொழிலுக்குள் அடைக்கிறது, அங்கே விருப்பத்துக்கோ திறமைக்கோ இடமில்லை என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதியை அழித்தொழித்த'லில் விளக்கிவிட்டார்.

தமிழ்நாடு அரசு மூன்று மாற்றங்களைக் கேட்டது. குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையை நீக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 35 ஆக வேண்டும். கிராமங்களில் பயனாளியைச் சரிபார்ப்பது ஊராட்சித் தலைவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு மாற வேண்டும். ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2024 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின், இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று எழுதினார். 2025 ஏப்ரல் 19 அன்று குன்றத்தூரில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கியது. 25 தொழில்கள். குடும்பத் தொழில் என்கிற கேள்வியே கிடையாது. ஒரு மாநிலம் தன் தரத்தைத் தானே வகுத்துக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இதோடு வேலை முடிந்துவிடவில்லை. 35 வயது என்பது சரியான வேலிதான். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு 'நான் முதல்வன்' இருக்கிறது. கல்லூரிக்கும் போகாமல் 35உம் ஆகாமல் நடுவில் நிற்கும் என் தம்பியைப் போன்றவர்களுக்கு இன்னும் அந்த மூன்று மாதக் காகிதம்தானே கிடைக்கிறது?

அடுத்தது கையெழுத்து. உள்ளூர்த் தரம் என்றதும் நமக்கு இனிக்கிறது. ஆனால் உள்ளூர் என்றால் யார்? நம் வட்டத்திலேயே ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. மாவட்ட நிர்வாகம் தலையிட்ட பிறகுதான் அவர் ஏற்றினார். கொடிக்கயிற்றைத் தொட விடாத ஊர், பயனாளிப் பட்டியலில் மட்டும் அவரைச் சுதந்திரமாகக் கையெழுத்துப் போட விடுமா? அதனால்தான் அந்த மூன்றாவது மாற்றம் முக்கியம். ஆனாலும் கிராம நிர்வாக அலுவலர் யாரிடம் விசாரிப்பார்? பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களிடம்தான்.

நம் ஏரியில் இது இன்னும் சிக்கல். பழவேற்காட்டுப் பக்கம் 'பாடு' முறை உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. ஏரியை அளவோடு பயன்படுத்தும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த உரிமை குறிப்பிட்ட குப்பங்களில், குறிப்பிட்ட சாதியில் பிறந்து, திருமணமாகித் தலைக்கட்டான ஆணுக்கு உரியது. பட்டினவர் சமூகத்தைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. துறைமுகங்களாலும் கழிவுகளாலும் அவர்களும் நாளுக்கு நாள் இழந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. நாளைக்கே மீன்பிடித் திறனுக்கு உள்ளூரில் ஒரு சான்றிதழ் வந்தால், அதைக் கொடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பருவத்தில், எந்தச் சேற்றில், எந்த இறால் கிடைக்கும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். ஒரு அக்காவிடம் பேசும்போது, "நாங்க மீனவங்க இல்லம்மா, நாங்க கையால தடவுறவங்க" என்றார். அவரே தன் திறமையை அப்படிக் குறைத்துச் சொல்லும் அளவுக்கு ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இதே சமூகத்தின் இன்னொரு அறிவு என்ன ஆனது என்று பாருங்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வணிகம் நின்று, இருளர்களின் பிழைப்பு போனது. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்று அவர்கள் உரிமத்தோடு பாம்பு பிடிக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசு நினைத்தால் பள்ளிக்கூடம் போகாத கையின் அறிவை அங்கீகரிக்க முடியும். அந்த அங்கீகாரம் சங்கமாகவும் வருமானமாகவும் வந்ததால்தான் அதற்குப் பயன் இருந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. தேர்வு தமிழில் நடக்க வேண்டும், இந்த எல்லையில் தெலுங்கிலும் நடக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அமுக்கச் சொல்லாமல், கைவேலையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். மதிப்பிடும் குழுவில் அந்த வேலையைச் செய்கிற பெண்களும் இருளர்களும் தலித்துகளும் இருக்க வேண்டும். ஒருவரை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். குறைந்தபட்சக் கூலியை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அந்த அறிவிக்கையில் இந்தச் சான்றிதழுக்கு ஒரு இடம் வேண்டும். அப்போதுதான் தம்பியின் கூலிச் சீட்டில் 'திறனற்றவர்' என்று எழுத முடியாது. கடைசியாக, மூன்று மாதப் பயிற்சி ஐ.டி.ஐ.யிலும், ஐ.டி.ஐ. பாலிடெக்னிக்கிலும் கணக்கில் சேர வேண்டும்.

அந்த அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். அக்காவின் கைக்கு மதிப்பு வேண்டும், விலை வேண்டும், அட்டை வேண்டும். ஆனால் அந்த அட்டை மகளுக்குப் பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அவள் அங்கே போகலாம். அல்லது ஏரிப் பக்கமே திரும்பாமல் நர்ஸ் ஆகலாம், வக்கீல் ஆகலாம். நேற்று அவளைக் கேட்டேன். "எனக்குத் தண்ணின்னாலே பயம்க்கா, நான் கணக்கு டீச்சர் ஆகப்போறேன்" என்றாள். எந்தத் திட்டம் வந்தாலும், எந்தச் சான்றிதழ் வந்தாலும், அது இவள் வழியை மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.