அச்சாரமும் உறுதியும்

உரும்பராயில் வெங்காயம் பயிரிட்ட கமக்காரர் ஒருவரிடம் சுன்னாகச் சந்தை வியாபாரி ஒருவர் செல்கிறார். கிண்டுவதற்கு முன்னரே, விளைச்சல் முழுவதையும் கிலோ நூறு ரூபாவுக்கு எடுப்பதாக வாக்களிக்கிறார். பத்து நாளில் விலை அறுபதுக்கு இறங்கிவிடுகிறது, வியாபாரியைக் காணோம். கமக்காரர் வழக்குத் தொடுத்தால் வெல்வாரா?

இலங்கையின் பொதுச் சட்டம், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டமாகும். ஆங்கிலச் சட்டத்தைப்போல, வாக்குக்கு ஈடாகக் கைம்மாறு ஏதும் தரப்பட்டதா என்று அது வினவுவதில்லை. மனம் பொருந்திச் செய்த உடன்பாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தாற் போதும். ஜயவிக்ரமா எதிர் அமரசூரியா என்னும் வழக்கில் 1918இல் பிரிவிக் கவுன்சில் இதனை உறுதிப்படுத்திற்று.

இவ்வளவையும் கேட்டுக் கமக்காரர் மகிழ்ந்துவிடலாகாது. பண்ட விற்பனையை ஆள்வது வேறொரு சட்டம். ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். தோட்டத்தில் நிற்கும் பயிரும், கிண்டிக் கொடுப்பதாகப் பேசப்பட்டிருந்தால், அதன்படி பண்டமே. வாங்குபவர் பண்டத்தில் ஒரு பகுதியையேனும் ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும். அல்லது விலையில் ஒரு பகுதியையேனும் கொடுத்திருக்க வேண்டும். அல்லது வாக்குத் தவறியவர் ஒப்பமிட்ட குறிப்பொன்று இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுமில்லையெனில் வழக்கு நில்லாது.

பேரம் முடிந்ததும் அச்சாரம் கேட்டு வாங்கும் பெரியோரைச் சிலர் அவநம்பிக்கைக்காரர் என்பர். விலையிற் கழிக்கப்படும் அந்தச் சிறு தொகையே வழக்குக்கு உயிர். அது கைமாறியிருந்தால், நூறுக்கும் அறுபதுக்கும் இடையிலான நாற்பது ரூபாவைக் கிலோவுக்கு நட்டஈடாகக் கேட்கலாம். வெங்காயத்தை அழுகவிட்டு முழு விலையையும் கேட்பது செல்லாது. கிடைத்த விலைக்கு விற்று இழப்பைக் குறைப்பது அவர் கடன்.

காணி விடயத்தில் அச்சாரமும் கைகொடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை யாவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்படல் வேண்டும். புகையிலைத் தோட்டத்தை ஒரு போகத்துக்கு வாய்ச்சொல்லிற் குத்தகைக்கு எடுப்பவர் இதனை மறந்துவிடுகிறார். வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிக்கும் ஒற்றி, 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே காணப்படும் பழைய ஏற்பாடு. அதற்கும் உறுதி வேண்டும். தேசவழமைக்குட்பட்ட காணியை வாங்குவோர், பங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்கும் முற்கொள்வனவு உரிமையுண்டு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையை ஒழுங்குசெய்கிறது.

இனி, ஒப்பந்தமே இல்லாதவருக்குச் செய்யும் தீங்கு. வெங்காயம் ஏற்றிய லொறி, சாரதியின் கவனக்குறைவால் வழியிலுள்ள ஒருவரின் மதிலை இடித்துவிடுகிறது. மதிலுக்குரியவர் வியாபாரியோடு எந்தப் பேரமும் பேசியவரல்லர். ஆயினும், வேண்டுமென்றோ கவனமின்றியோ பிறர் பொருளுக்கு விளைத்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டுமென்பது, உரோமரின் அக்குவிலியாச் சட்டத்திலிருந்து வந்த விதி. சாரதி முதலாளியின் வேலையில் ஈடுபட்டிருந்த வேளையில் அது நேர்ந்ததாயின், முதலாளியும் பொறுப்பாளி. அவரது சொந்த அலுவலுக்காக லொறியை எங்கோ திருப்பிச் சென்றிருந்தாரெனின், முதலாளி தப்பிக்கொள்ளவும் கூடும்.