தொண்டுப் பணியும் செய்தி வழியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்தின் கணினி வகுப்பில் பயிலும் இளைஞர் சிலர், கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கும் தொண்டில் இறங்க முன்வந்திருக்கின்றனர். எவரும் பயன்படுத்தவும், ஆராய்ந்து திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளையே அவ்வாறு அழைக்கிறோம். கூலி கருதாத இப்பணியில் சேருவோர் எதன் வாயிலாகக் கூடிப் பேசுவது என்று அவர்கள் என்னை வினவினர். சிறு வினாவாகத் தோன்றும். ஆயினும் எந்த வழியில் பேசுகிறோம் என்பது, யார் பேச முடியும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

இதனை நம் மக்களுக்குப் பிறர் வந்து விளக்க வேண்டியதில்லை. ஊர்ச் செய்தியைப் பறையறைந்து அறிவிக்கும் தண்டோராப் பணி நம்மவர் தோளில் சுமத்தப்பட்டிருந்தது. அச்செய்தியை முடிவு செய்த கூட்டத்திலோ நமக்கு இருக்கை இல்லை. அம்முறையை நிறுத்துமாறு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022 ஆகஸ்டு மாதத்தில்தான்.

இனி, நம் வட்டாரத்து நிலையைப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிப் பட்டாசு ஆலைகளுக்குள் கைப்பேசி கொண்டு செல்லலாகாது. உயிர் காக்கும் விதி அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பகல் முழுதும் ஆலையில் உழைத்த இளைஞன் ஒருவன் மாலையில் வீடு திரும்பி வாட்சாப் குழுவைத் திறந்தால் என்ன காண்பான்? 'டிலீட்' என்பதற்கு 'அழி' என்பதா, 'நீக்கு' என்பதா என்னும் விவாதம் காலையில் எழுந்து, நண்பகலுக்குள் முடிந்திருக்கும். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இடையே அந்த முடிவை அவன் தேடியெடுக்க வேண்டும். எவரும் அவனைத் தடுக்கவில்லை. எனினும் அவன் வாயிலுக்கு வெளியேதான் நின்றான். நாள் முழுதும் கைப்பேசியும் கையுமாக இருப்போரே அங்கு ஊர்ப் பெரியவர்கள் ஆகிவிடுகின்றனர்!

மேலும், வாட்சாப்போ டெலிகிராமோ, கைப்பேசி எண்ணைக் கொடுத்தே சேர வேண்டும். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கும் குடும்பத்து மாணவிக்கு இது எளிதன்று.

மின்னஞ்சல் குழுவில் மடல் காத்திருக்கும். தலைப்பு வாரியாக விவாதம் நிற்கும். மூன்று ஆண்டு கழித்து வருபவரும், ஒரு சொல்லை ஏன் தேர்ந்தார்கள் என்று படித்தறியலாம். டெபியன் என்னும் இயங்குதளத்தை ஆக்குவோர் பல நாடுகளில் பரவியிருப்பவர். அவர்கள் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்க மின்னஞ்சல் வழியே வாக்களிக்கின்றனர். அதற்கு இரண்டு வாரம் தரப்படுகிறது. அவசரமில்லாமலே அப்பணி 1993 முதல் நடந்துவருகிறது.

ஆனால் அம்மடல்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, பல நாட்டுத் தமிழர்கள் லினக்ஸ் தமிழாக்கத்துக்காக யாஹூ குழுமங்களில் கூடினர். பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் குழுமச் சேவையே நின்றது. படியெடுத்து வைத்தவரிடம் மட்டுமே அப்பேச்சு எஞ்சியது.

மடல் எழுத அஞ்சுவோரும் உளர் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை, பிழை நேருமோ என்று பத்துப் பேர் முன் எழுதக் கூசும். ஆகவே ஐயம் கேட்கவும் அளவளாவவும் உரையாடல் குழு ஒன்று இருக்கட்டும். ஆனால் முடிவு எதுவும் அங்கே எடுக்கலாகாது. முடிவுக்குரியது பொதுவில் படிக்கக்கூடிய மடற்குழுவுக்கு வரட்டும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் கடக்கும்வரை அது திறந்திருக்கட்டும். மடல்களின் படி ஒன்று திங்கள்தோறும் நம் சங்கத்துக் கணினியில் சேர்க்கப்படட்டும். கைப்பேசியற்றோர் வந்து எழுத, மாலை ஏழு மணிக்குமேல் நூலக அறையைத் திறந்துவைக்கப் பொறுப்பாளர்கள் இசைய வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.