உடம்புக்கு ஜாதி ஏது? வித்தைக்குப் பூட்டு ஏது?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



ஷிப்டு முடிந்து வீட்டிற்குக்கூடப் போகாமல் இங்கு வந்திருக்கும் உங்களிடம் வெகுநேரம் பேச நாம் உத்தேசிக்கவில்லை. "பெண்பிள்ளைக்குச் சண்டை வித்தை எதற்கு? கராத்தேயும் சிலம்பமும் படித்தால் எவன் கட்டிக்கொள்வான்?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர் உண்டு. அவர்களுக்குப் பதிலாக ஒரு மனுஷியின் வாழ்க்கையையே எடுத்துச் சொல்ல வந்தோம்.

கோழிக்கோடு ஜில்லா வடகரையில் களரி நடத்தும் மீனாட்சி அம்மாளைப் பற்றித்தான் சொல்லுகின்றோம். ஏழு வயதில் அவரைத் தகப்பனார் களரியில் சேர்த்தார். களரிப்பயிற்று என்பது முதலில் உடம்பைப் பழக்கி, பிறகு கம்பு, அதன் பிறகு வாள், கடைசியில் வெறுங்கை என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் வித்தையாகும். கராத்தே என்கின்ற ஜப்பான் சொல்லுக்கும் வெறுங்கை என்றுதான் அர்த்தம்.

பெண் பெரியவளானால் களரியை விட்டு நின்றுவிட வேண்டும் என்பது அங்கு வழக்கமாயிருந்தது. மீனாட்சியின் தகப்பனார் மாத்திரம் நிறுத்தவில்லை. அந்த ஒரு காரியம்தான் பின்னால் ஓர் ஆசிரியையை உண்டாக்கிற்று. நிறுத்தப்பட்ட மற்றப் பெண்களுக்குக் கையும் காலும் இல்லாமலா போயின?

அவரை மணந்த ராகவன் குருக்களின் சங்கதி இன்னும் விசேஷமானது. அவர் தீயர் வகுப்பில் பிறந்தவர். அந்தக் காரணத்தினாலேயே களரியில் சேர்த்துக்கொள்ள மறுக்கப்பட்டார். வேடிக்கையைப் பாருங்கள்! அதே கடத்தநாட்டுப் பக்கத்தில் பாட்டுகளில் புகழப்படும் உண்ணியார்ச்சை என்னும் வீரப்பெண் அந்த வகுப்பைச் சேர்ந்தவள்தான். பாட்டில் புகழ்வார்களாம், வாசற்படியில் விடமாட்டார்களாம்! ராகவன் அழுதுகொண்டிருக்கவில்லை, யாரையும் கெஞ்சவுமில்லை. 1949-ல் தாமே கடத்தநாடன் களரி சங்கத்தை ஏற்படுத்தி, எந்த ஜாதியாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். சுயமரியாதை என்பதற்கு இதைவிட வேறு வியாக்கியானம் வேண்டுமா?

2009-ல் அவர் காலமானபின், அறுபது வயதைக் கடந்த மீனாட்சி அம்மாள் களரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கைம்பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று சொல்லும் தேசத்தில், அவர் வாளை எடுத்துக்கொண்டு மாணவர் முன் நின்றார். கட்டணம் இவ்வளவு என்று கேட்பதில்லை. முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்கின்ற ஏற்பாடுதான். 2017-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

"அது அவருக்கு வாய்த்த தெய்வ அருள்" என்று யாராவது சொல்லக்கூடும். களரியில் விளக்கும் பூசையும் உண்டென்பது நமக்குத் தெரியும். ஆனால் கால் தலைக்குமேல் உயருவது விளக்கினாலா, வருஷக்கணக்கான வியர்வையினாலா? ஜப்பான் தலைநகரத்திற்குக் கராத்தேயைக் கொண்டுபோன புனகோஷி என்பவர் 1868-ல் ஒகினாவாவில் நோஞ்சான் பிள்ளையாகப் பிறந்தவர். இரவில் இரகசியமாகப் பழகி, பள்ளி ஆசிரியராகி, 1922-ல் டோக்கியோவில் தம் வித்தையைக் காட்டினார். நோஞ்சானைத் திடமாக்கியது மந்திரமல்ல, பழக்கமே.

இனி நம்மூருக்கு வருவோம். இந்தக் கொங்குச் சீமைப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வயதுப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கலியாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுப்பார்களாம்! பெண்ணின் உடம்பு உழைப்பதற்கும் தாலிக்கும் மாத்திரம்தான், அவளுக்கென்று இல்லை என்பதே இதன் கருத்து.

வித்தை ஒன்றினாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. தையல் வரிசையில் மேஸ்திரி அத்துமீறினால், அவனை அடித்துவிட்டு வேலையை இழப்பது தீர்வாகாது. பத்துப்பேர் வேலை செய்யும் இடத்திலும் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கேட்பதற்கே நிமிர்ந்து நிற்கும் உடம்பும், நடுங்காத குரலும் தேவை. அதைத்தான் பழக்கம் கொடுக்கின்றது.

ஆகையால் தாய்மார்களே, தகப்பன்மார்களே! மகள் பெரியவளானதும் மஞ்சள் நீருக்கும் சீருக்கும் கடன் வாங்குவதை விட்டு, அவள் படிப்பையும் பயிற்சியையும் நிறுத்தாமலிருங்கள். அவ்வளவே நாம் கேட்பது.