ஒத்தைப் போல்ட்டுக்காகக் கட்டிலை எடைக்குப் போடாதீங்க

வீடு மாத்தும்போது கட்டில், மேசை எல்லாம் பத்திரமா வந்து சேர்ந்திடும். கழட்டி வச்ச நாலு போல்ட்ல மூணுதான் வரும். மூணுலயும் கட்டில் நிக்கும், ஆனா ஆடும். ஆட ஆட மத்த மூணோட மரையும் தேயும். கடைசியில பாட்டி காலத்து இரும்புக் கட்டில் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். அதனால இன்னிக்கு அந்தத் தொலைஞ்ச ஒத்தைப் போல்ட்டைப் பத்திப் பேசுவோம்.

முதல் விஷயம்: மீதி இருக்கற போல்ட்ல ஒண்ணைக் கழட்டி கடைக்கு எடுத்துட்டுப் போங்க. போன்ல போட்டோ காட்டினா போதாது. போட்டோவுல அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது, இங்க பிரச்சினையே அந்த அரை மில்லிமீட்டர்தான்.

ஏன்னா இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாற ஆரம்பிச்சது 1958ல. அதுக்கு முன்னாடி எல்லாம் அங்குலக் கணக்கு. பட்டறையில இன்னிக்கும் 'நூல்'னு சொல்றாங்க இல்லையா, அது அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. ரெண்டு நூல் போல்ட்டுன்னா கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இப்ப சாதாரணமா கிடைக்கற எம் 6 போல்ட்டு 6 மில்லிமீட்டர். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? ஸ்கேலை வச்சு 10 மரை எவ்வளவு தூரம்னு அளந்து பாருங்க. எம் 6ல 10 மரைக்கு 10 மில்லிமீட்டர். கால் அங்குலப் போல்ட்ல அங்குலத்துக்கு 20 மரை, அதனால 10 மரைக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ரெண்டு நூல் நட்டுக்குள்ள எம் 6 போட்டா முதல் ரெண்டு, மூணு சுத்து லூசா நுழையும். அப்புறம் இறுகும். 'சரியா உட்கார்ந்திடுச்சு'ன்னு தோணும். இல்லை, மரையோட மரை மோதுது. அங்க ஸ்பேனர் போட்டு முறுக்கினா கட்டில்ல வெல்டு பண்ணின நட்டோட மரையே போயிடும். போல்ட்டு சில்லறைக் காசு. அந்த மரைதான் விலை அதிகம். அதனால ஒரே விதி: போல்ட்டு விரலாலேயே கிட்டத்தட்ட முழுசா உள்ள போகணும். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான்.

நீளத்தைத் தலைக்குக் கீழே இருந்து அளக்கணும். தலை மரத்துக்குள்ள சமமா அமுங்கற மாதிரி இருந்தா மட்டும் தலையையும் சேர்த்து அளங்க.

ஒரு போல்ட்டு கூட மிஞ்சலையா? ஓட்டையை அளக்கும்போது கவனம். மரை உள்ள ஓட்டை போல்ட்டைவிடச் சின்னதா இருக்கும். 5 மில்லிமீட்டர் ஓட்டைன்னா அது எம் 5 இல்லை, எம் 6ஆ இருக்கலாம். ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்க. முடிஞ்சா அந்தக் காலையே கழட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க.

பழைய அளவு கிடைக்கவே இல்லைன்னா, போல்ட்டு அந்தப் பக்கம் வெளியே வந்து தனி நட்டுல மாட்டற இடத்துல நட்டு, போல்ட்டு ரெண்டையும் ஜோடியா எம் 6க்கு மாத்திடலாம், வாஷரோட. வெல்டு பண்ணின நட்டுன்னா லேத் பட்டறையில கொடுத்து, ஓட்டையைப் பெருசாக்கி எம் 8 மரை போட முடியுமான்னு கேளுங்க.

மாட்டும்போது நாலு போல்ட்டையும் முதல்ல லூசா போடுங்க, அப்புறமா மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒண்ணை முழுசா இறுக்கிட்டா கடைசி ஓட்டை நேரா வராது.

அடுத்த தடவை வீடு மாத்தறப்போ, கழட்டின போல்ட்டை அதே ஓட்டையில திரும்பத் திருகி வச்சிடுங்க. அப்புறம் தேடவே வேண்டாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.