வானலையில் மகளிர் குரல்

(சங்கத்தின் வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



ஓர் அரிக்கேன் விளக்கின் ஒளியில் மாலைப் பள்ளியாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. இவ்வேளையில் நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும் ஆண்டுதோறும் நாம் வகுப்பறையில் காணும் ஒன்றை மறைக்காமல் சொல்வது நம் கடமையாகும். ஆசிரியர் வினா எழுப்பியதும் விடை அறிந்த பெண்பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். எழுந்து நின்று அவ்விடையை உரக்கச் சொல்பவர் சிலரே. எழுதச் சொன்னால் பிழையற எழுதும் பெண், நேர்முகத் தேர்வில் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கேட்ட கேள்விக்குத் தரையை நோக்கி விடை கூறித் திரும்பி வருகிறாள். அவளிடம் அறிவுக்குக் குறைவில்லை. 'என் குரலையும் கேட்பார் உண்டு' என்னும் நம்பிக்கையே அவளுக்குக் கிட்டவில்லை.

இந்நம்பிக்கை அறிவுரையால் வருமா? 'அஞ்சாதே, பேசு' என்று நூறு முறை சொன்னாலும் வராது என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். அது எப்படித்தான் பிறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு துறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறோம். அது அமெச்சூர் வானொலி. 'ஹாம் ரேடியோ' என்றும் அதனை வழங்குவர்.

வானொலி என்றால் நம்மில் பலருக்குக் கேட்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெச்சூர் வானொலியில் கேட்பவரே பேசவும் செய்கிறார். அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்துக்கொண்டு, உலகெங்கும் உள்ள தம்மைப் போன்றோருடன் உரையாடலாம். வாணிபத்திற்கு இதில் இடமில்லை, ஊதியமும் இல்லை. கற்றலும் தோழமையும், இடர் வந்துற்றபோது தொண்டுமே இதன் நோக்கங்கள். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டினர் பெரும்பாலோரின் குறி 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். வானலையில் ஒருவரை அடையாளப்படுத்துவது அக்குறியே.

ஒரு சிறு அறையிலிருந்து புறப்படும் குரல் கடல்களைக் கடந்து செல்வது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். நிலத்திற்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சூரியனின் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து அவற்றை மின்னூட்டம் பெறச் செய்கின்றன. அயனி மண்டலம் எனப்படும் அப்பகுதி சிற்றலைகளை வளைத்து மீண்டும் நிலத்தை நோக்கி அனுப்புகிறது. நிலத்தில் பட்ட அலை மறுபடியும் மேலெழுந்து, மறுபடியும் திரும்புகிறது. இவ்வாறு தாவித் தாவி அது கண்டங்களைக் கடக்கிறது. 20 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள கம்பியை நடுவில் பிரித்து, இரு மரங்களுக்கிடையே கட்டினால் அதுவே நல்ல ஆன்டெனா ஆகும். நூறு வாட் ஆற்றல் கொண்ட கருவி போதும். வானம் துணை செய்யும் நாளில் 5 வாட்டுகூட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். பெருஞ்செல்வர்க்கு ஒரு வானம், எளியோர்க்கு ஒரு வானம் என்ற வேறுபாடு இயற்கையில் இல்லை.

இனி, புதிதாக உரிமம் பெற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். முதலில் அவள் பல நாட்கள் கேட்கிறாள். கேட்பதே இக்கலையின் முதற்பாடம். பிறர் எவ்வாறு அழைக்கின்றனர், எவ்வாறு விடையிறுக்கின்றனர் என்று அறிந்துகொள்கிறாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி அருகே வைத்துக்கொள்கிறாள். ஆயினும் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தும்போது நா வறண்டுவிடுகிறது. இவ்வச்சம் ஆண்களுக்கும் வருவதே. ஆனால் 'பெண்குரல் வாசற்படி தாண்டக் கூடாது' என்று வளர்க்கப்பட்டவளுக்கு அது இரு மடங்காகிறது. இறுதியில் ஒருநாள் 'சி.கியூ., சி.கியூ.' என்று அழைக்கிறாள். கேட்பவர் எவராயினும் விடை தருக என்பது அதன் பொருள். விரலை எடுத்ததும் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. மீண்டும் அழைக்கிறாள். அவ்விரைச்சலின் நடுவே, எங்கோ ஒரு தொலைதூர நாட்டிலிருந்து, அவளுடைய அழைப்புக்குறி அவளுக்கே திருப்பிச் சொல்லப்படுகிறது. அதனைத் தொடர்ந்து 'ஐந்து, ஒன்பது' என்று இரண்டு எண்கள் வருகின்றன.

அவ்வெண்களின் பொருளை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். முதல் எண் குரலின் தெளிவைக் குறிப்பது. அதில் உயர்ந்தது ஐந்து. இரண்டாம் எண் அலையின் வலிமையைக் குறிப்பது. அதில் உயர்ந்தது ஒன்பது. உலகின் எம்மூலையில் இருப்பவரும் தாம் சந்திக்கும் நிலையத்திற்கு முதலில் தருவது இம்மதிப்பீட்டையே. நீ எவர் மகள், எத்தெருவினள் என்பது அங்கு முதற்கேள்வி அன்று. உன் குரல் எப்படிக் கேட்கிறது என்பதே முதற்செய்தி. துணிவு வந்தபின் அழைப்போம் என்று அவள் காத்திருந்தால், அந்தத் துணிவு என்றும் வந்திராது. அச்சத்தோடு அழைத்தாள், மறுமொழி வந்தது, அம்மறுமொழியே துணிவாயிற்று.

இதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. நியூசிலாந்து நாட்டின் ஒடாகோ பகுதியில், ஓர் ஆட்டுப் பண்ணையில் வாழ்ந்த பிராங்க் பெல் என்பவர், 1924 அக்டோபர் 18 அன்று இலண்டனில் உள்ள மில் ஹில் பள்ளியின் நிலையத்துடன் தொடர்பு கொண்டார். 18,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நிகழ்ந்த அத்தொடர்பு உலகை வியக்க வைத்தது. பின்னர் அவர் பண்ணைத் தொழிலில் ஈடுபடவே, நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் அவருடைய சகோதரி பிரெண்டா பெல். அந்நாட்டின் முதல் பெண் அமெச்சூர் அவரே. 1927இல் தென்னாப்பிரிக்காவுடன் வானொலித் தொடர்பு கொண்ட முதல் நியூசிலாந்தினர் என்ற பெருமையும் அவருக்கே உரியது. பிற்காலத்தில் அவர் வானொலி நிலையத்தின் எழுத்தாளராகவும் ஒலிபரப்பாளராகவும் விளங்கினார்.

பிரெண்டா பெல் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தவர்; கருவி வீட்டிலேயே இருந்தது. கருவியும் இல்லை, கதவும் திறக்கவில்லை என்றால் என் செய்வது? இதற்கு விடையாக நின்றவர் ஆஸ்திரேலியாவின் வயலட் மெக்கன்சி அம்மையார். சிட்னியில் மின்பொறியியல் பயிலச் சென்றபோது, மின்தொழிலில் பணிபுரிவோர்க்கே அங்கு இடம் உண்டு என்றனர். பெண்ணுக்கு அப்பணியை எவர் தருவார்? அவர் தாமே மின்பணி ஒப்பந்தக்காரர் ஆனார்; ஒரு வீட்டிற்கு மின்கம்பி அமைக்கும் வேலையைப் பெற்று, அதற்கான சான்றைக் கல்லூரியின் முன் வைத்தார். 1923இல் மின்பொறியியல் பட்டயமும் பெற்றார். அந்நாட்டில் அமெச்சூர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

அவர் அதனோடு நின்றிருந்தால் இங்கு அவரைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டோம். 1939இல், போர் மேகங்கள் சூழ்ந்த காலத்தில், சிட்னி நகரில் பெண்களுக்கு மோர்ஸ் தந்திக் குறிகளை இலவசமாகக் கற்பிக்கும் பயிற்சிப் படை ஒன்றை நிறுவினார். அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த பெண்கள் அங்கு வந்து பயின்றனர். பயின்றோரைக் கடற்படையில் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் வேண்டியபோது, பெண்களா என்று தயங்கினர். 'சோதித்துப் பாருங்கள்' என்றார் அம்மையார். சோதித்தனர், அப்பெண்கள் தேறினர். 1941 ஏப்ரல் 28 அன்று 14 பெண்கள் கான்பெராவை அடுத்த கடற்படை வானொலி நிலையத்தில் பணி ஏற்றனர். விளம்பரம் கூடாது என்ற கட்டளையுடன்தான் அவர்களை ஏற்றனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அந்தப் 14 பேரைத் தொடர்ந்து, போர் முடிவதற்குள் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அப்படையில் பணியாற்றினர். அவரிடம் மோர்ஸ் கற்றவருள் ஆண்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின்னால் மூடாதவர் அவர்.

அதே 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எத்தல் ஸ்மித் என்னும் பெண்மணி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்திருந்த பெண் அமெச்சூர்களை ஒன்றிணைக்க ஓர் அழைப்பு விடுத்தார். அவ்வழைப்பில் பிறந்தது 'இளம் மகளிர் வானொலிக் கழகம்'. வானலை வழக்கில் எழுபது வயது மூதாட்டியும் 'இளம்பெண்' என்றே குறிக்கப்படுவார். கழகத்தின் பெயருக்குக் காரணம் அதுவே. 'முப்பத்து மூன்று' என்ற எண்ணைத் தங்களுக்குள் வாழ்த்தாக அவர்கள் வழங்கி வருகின்றனர். ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு அன்பும் நட்பும் அனுப்புகிறாள் என்பது அதன் கருத்து. தனியே அழைக்கத் தயங்குபவளுக்குத் தோழியர் கூட்டம் எத்துணைப் பெரிய ஊன்றுகோல் என்பதை நம் மாதர் சங்கங்கள் அறியும்.

நம் நாட்டிலும் இத்தகையோர் உளர். பாரதி பிரசாத் என்பவர் 1987இல் அந்தமான் தீவுகளிலிருந்து வானலையில் பேசினார். அதன்பின் பல ஆண்டுகள் அத்தீவுகள் அமெச்சூர் வானலையில் ஒலிக்கவில்லை. அவர் இடைவிடாது முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றுப் போர்ட் பிளேர் சென்றார். இத்தகைய அரிய இடம் ஒலிக்கும்போது உலகெங்குமிருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பர். சந்தை இரைச்சல் போன்ற அக்குரல்களிடையே ஒவ்வொரு குறியாகப் பிரித்தெடுத்து, 'நீங்கள் பேசுங்கள், மற்றவர் பொறுத்திருங்கள்' என்று ஒழுங்கு செய்வது நிலையத்தை இயக்குபவரின் பொறுப்பு. அப்போது அவர் சொல்லுக்கு உலகமே காத்திருக்கும். பல்லாயிரம் தொடர்புகளை அக்குழு நிகழ்த்தியது.

டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. நாகைக் கடற்கரையின் துயரை நாம் மறக்க இயலுமா? அதே நாளில் அந்தமானில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. பொழுதுபோக்கு என்று பலர் கருதிய கருவி அன்று உயிர்க்கருவியாயிற்று. பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் நிலையத்தை உடனே அவசரப் பணிக்குத் திருப்பினர். தீவில் இருந்தோர் உயிருடன் இருக்கின்றனரா என்று தவித்த உறவினர்க்குச் செய்தி சேர்த்தனர். பெரும் அழிவுக்குள்ளான கார் நிக்கோபாருக்கும் குழுவினர் சென்று நிலையம் அமைத்தனர். ஆயிரம் அந்நியக் குரல்களை நாள்தோறும் கையாண்டு பழகிய நிதானம் அந்நாளில் உதவிற்று. பழகாத குரல் நெருக்கடியில் எழாது.

இவ்வளவும் கூறிய நாம், வானலை குற்றமற்ற பொன்னுலகம் என்று சொல்லமாட்டோம். பெண்குரல் கேட்டதும் வேண்டாத விளையாட்டுப் பேச்சுப் பேசுவோர் அங்கும் உண்டு. 'உமக்கு ஏன் இவ்வேலை' என்போரும் உண்டு. ஆனால் அங்கே அவளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தகாதவனுக்கு விடை கூறாது அலைவரிசையை மாற்றிக்கொண்டு, அடுத்த அழைப்பை அவள் விடுக்கலாம். எவருக்கு விடை தருவது என்பதைத் தானே முடிவு செய்யப் பழகிய பெண், அப்பழக்கத்தை வாழ்விலும் கைவிட மாட்டாள்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு கம்பி கட்டுவோம். ஒரு சிற்றலை வாங்கியை வைப்போம். முதலாண்டில் நம் பெண்பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும். இரண்டாம் ஆண்டில் உரிமத் தேர்வுக்கு அவர்களை ஆயத்தம் செய்வோம். மின்னியலின் அடிப்படையும் விதிமுறைகளுமே அதற்குரிய பாடங்கள், பட்டப்படிப்பு தேவையில்லை. தேர்வறையில் விடைத்தாளை மதிப்பிடுவர்; எழுதியவரின் குடிப்பிறப்பை அன்று.

தாய்மார்களே! கருவி வாங்கும் நாள் வரை காத்திருக்கவும் வேண்டா. இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் மகளை ஒரு பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், 'நன்றாகக் கேட்டது, மகளே' என்று சொல்லுங்கள். அவளுடைய முதல் 'ஐந்து, ஒன்பது' உங்கள் வாயிலிருந்து வரட்டும். அக்குரல் பின்னர் கடல் கடக்கும்.

 வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் தொண்டு!