பலர் கூடி எழுதும் இசைக் கைந்நூல்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் செல்வோர் மாசி, பங்குனித் திங்களில் தோட்டத்து லயன்களின் முன்றிலே தப்பொலி கேட்டிருப்பர். காமன் கூத்துக்கு உயிரூட்டுவது அவ்வொலியே. முற்காலத்தில் வைகறையில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பேயாகும். அதன் அடிகளை மூத்தவர் இளையவர்க்குக் கையாலும் வாயாலும் கற்பித்தனர், ஏட்டில் எழுதினாரில்லை. ஆதலின் வல்லவர் ஒருவர் மறையும்போது அவருடைய வித்தையும் உடன் மறைகிறது.

இன்று அதே லயன்களில் வாழும் இளைஞர் சிலர் கணினியின் துணைகொண்டு இசையமைக்க விழைகின்றனர். அதற்கு உதவுவது சிந்தசைசர் என்னும் ஒலியாக்கி. 1964ஆம் ஆண்டளவில் ராபர்ட் மூக் அமெரிக்காவில் உருவாக்கிய அக்கருவி பெரியதோர் அலமாரி போன்றிருந்தது. இப்பொழுதோ அதன் வேலையைக் கணினிச் செயலி ஒன்றே செய்துவிடுகிறது. அத்தகைய செயலிகளுள் சர்ஜ் என்பது ஒன்று. அதனை ஆக்கியவர் 2018இல் அதன் மூலநிரலை யாவர்க்கும் திறந்துவிட்டார். அன்றுதொட்டுத் தன்னார்வலர் பலர் அதனை வளர்த்து வருகின்றனர்; விலையின்றியே பெறலாம். அதன் ஆங்கிலக் கைந்நூலையும் அவர்களே விரித்தும் திருத்தியும் வருகின்றனர்.

அங்ஙனமாயின், நம்மவர் கூடித் தமிழில் ஒரு கைந்நூல் எழுதத் தொடங்கினால் என்ன?

“முற்றும் கற்ற அறிஞர் எழுதட்டுமே” என்பார் உளர். முற்றும் கற்றவர், தொடக்கத்தில் தாம் இடறிய இடங்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். நேற்றுக் கற்றவனுக்கோ அவை இன்னும் நினைவிலுண்டு. ஆகவே கேள்வி கேட்பவனும் இந்நூலுக்கு ஆசிரியனே.

தொடங்கும் முறை எளிது. ஒரு கொப்பி போதும். ஒரு பக்கத்தில் ஒரு திருகைப் பற்றி மட்டும் எழுதுக. திரையில் ஆங்கிலப் பெயரே தோன்றுமாதலால், அதனைத் தமிழெழுத்தில் தந்து, பக்கத்தில் பொருள் கூறுக. பின்பு அச்செயலியை அறியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் செய்க. அவர் விரும்பிய ஒலி பிறந்தால் பக்கம் நிற்கட்டும், பிறவாவிடின் திருத்துக. தேறிய பக்கங்களை யாவரும் எழுதவும் திருத்தவும் இயலுகின்ற தமிழ் விக்கிநூல்களிலே சேர்க்கலாம்.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். என்வலப் என்பது ஒலி எழுந்து அடங்கும் போக்கினை வகுக்கும் பகுதி. இதனை விளக்க நீண்ட இலக்கணம் வேண்டா. தப்பின் மேல் குச்சி பட்டவுடன் ஒலி சட்டென்று எழுகிறது, விரைவில் அடங்குகிறது. நாகசுரமோ மூச்சுள்ளவரை நின்று ஒலிக்கிறது. இவ்விரண்டையும் கேட்ட காதுக்கு அந்நான்கு திருகுகளும் அரைநாளில் விளங்கிவிடும். தப்பை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகிச் சுருதி உயர்வதைக் கண்ட சிறுவனுக்குச் சுருதித் திருகும் புதிதன்று.

இங்கே நாம் மறத்தலாகாத உண்மையொன்று உண்டு. தப்படிப்போரைச் சாதியின் பெயரால் தாழ்த்தி முற்றத்திலேயே நிறுத்திய வழக்கம் நம்மிடையே இருந்தது. அதன் நிழல் இன்னும் முற்றும் நீங்கவில்லை. இக்கைந்நூலை எழுதும் மேசையில் அம்முதியவர்க்கு ஓர் ஆசனம் வேண்டும். அவர் சொல்லும் அடிகளை இளைஞர் எழுதுக. பக்கத்தின் அடியிலே, அவர் இசைந்தால், அவர் பெயரையும் பொறிக்க.

நமுனுகுலை மலைச்சாரலிலோ ஹாலிஎலைத் தோட்டத்திலோ நால்வர் சேர்ந்தால் முதற்பக்கம் பிறந்துவிடும். எஞ்சிய பக்கங்களை அடுத்து வருவோர் எழுதுவர். வித்தை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அம்முதற்பக்கம் எழுதப்படுவதாக.