இருட்டும் குழந்தைகளும்

(காலடிப்பேட்டையில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2023ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல வீதிகள் இரவு பகலாக மின்சாரமின்றிக் கிடந்தமை நீங்கள் அறிந்ததே. தெருவில் நின்ற வெள்ளத்தை வேடிக்கை பார்த்த பிள்ளைகளும், அந்தி சாய்ந்ததும் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டார்கள். ஆகவே, குழந்தைகளின் இருட்டுப் பயத்தைப் போக்கும் வழியைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இப்பயம் இழிவானதன்று. மகாத்மா காந்தியடிகள், பள்ளிப் பருவத்தில் தாம் திருடருக்கும் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சியதையும், விளக்கின்றி உறங்க இயலாதிருந்ததையும் தமது சுயசரிதத்தில் ஒளியாது எழுதியிருக்கிறார். இளமையிலேயே விவாகமான அவர், இருளுக்கு அஞ்சாத கஸ்தூரிபாயிடம் அதைச் சொல்ல வெட்கினார். அப்பயத்தை அறிந்த நண்பர் ஒருவரோ, புலால் உண்பதாலேயே தமக்குப் பேயும் பாம்பும் பொருட்டல்ல என்று கூறி, அவரைத் தம் வழிக்கு இழுத்தார். வீட்டில் சொல்லக் கூசிய பயம் அயலார் கையில் கடிவாளமாகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? முன்னர், சிறு பிராயத்தில் அவருக்கு உதவியவள் ரம்பா என்னும் முதிய பணிப்பெண். அஞ்சும்போது இராம நாமத்தைச் சொல் என்று, பற்றிக்கொள்ள ஒன்றை அவள் கொடுத்தாள்.

நாம் கொடுப்பது யாது? சோறு உண்ணாத குழந்தைக்குப் பூச்சாண்டியையும், உறங்காத குழந்தைக்கு அஞ்சு கண்ணனையும், தெருவுக்கு ஓடும் குழந்தைக்குப் பிள்ளை பிடிக்கிறவனையும் அழைக்கிறோம். நம் காரியம் முடிந்துவிடுகிறது. நாம் அழைத்தவர்களோ திரும்பிப் போவதில்லை; இராத்திரியில் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. 1924ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப்பற்றி எழுதினார். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணுகையில் முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவனே அதைத் தடவிக்கொடுத்தான். இருளையும் இவ்வண்ணமே பழக்கலாம். முதலில் குழந்தையை மடியில் இருத்தி, விளக்கைக் குறைத்துக் கதை சொல்லுங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருளுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அலமாரியும் கொடியில் தொங்கும் சட்டையும் மெல்லத் தெரிவதை அதுவே காணட்டும். பின்னர் டார்ச்சு விளக்கை அதன் கையில் கொடுத்து, உடன் சென்று அடுத்த அறையைப் பார்க்கச் செய்யுங்கள். சில நாள் கழித்து, நீங்கள் வாசற்படியில் நிற்க, அது மாத்திரம் சென்று வரட்டும். விளக்கை அணைக்கும் பொறுப்பையும் அதனிடமே விடுங்கள். நம் பேட்டையில் இராத்திரி கேட்கும் ஓசைகளுக்குப் பெயர் சொல்லுங்கள்: கிழக்கே அலை; மேற்கே ரயில்; கூரைமேல் பூனை. பெயர் தெரிந்த ஓசை பேயாவதில்லை.

நிற்க. அந்தி வேளையில் இடறி விழும் குழந்தையைக் கோழை என்று ஏசற்க. அது மாலைக்கண்ணாக இருக்கலாம். ஏ உயிர்ச்சத்துக் குறைவால் வரும் இந்நோயைக் கவனியாவிடில் பார்வைக்கே கேடு நேரலாம்; உடனே வைத்தியரிடம் காட்டுக. முருங்கைக்கீரை, பப்பாளி, பால், முட்டை ஆகியவை இச்சத்தைத் தரும். 9 மாதம் முதல் 5 வயதுவரை 6 மாதத்திற்கொருமுறை அரசாங்கத்தார் புகட்டும் மருந்தையும் தவறவிடலாகாது.

தாய்மார்களே! கல்விக்கும் உத்தியோகத்திற்கும் நம் மக்களைத் தயார் செய்ய நமது சங்கம் பாடுபடுகிறது. அதற்கு முந்திய கல்வி உங்கள் மடியில் நடப்பது. அதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும். இன்றிரவு முதல் நம் இல்லங்களில் எக்குழந்தைக்கும் பூச்சாண்டியைக் காட்டுவதில்லை என உறுதி கொள்வோமாக. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று குழந்தை சொல்லும்போது, நகையாமல், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கை நீட்டுவோமாக.